ஆறு மொழி அரசியும் ஆத்தப்பன் பிளெக்ஸும்

பிளெக்ஸ் என்னவோ மெஹ்ஜபினைப் பாராட்டித்தான் வைத்தார்கள். ஆனால் அதில் மெஹ்ஜபினைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

திருப்பூர் நெருப்பெரிச்சலில், பனியன் கம்பெனி கேட்டுக்கு நேர் எதிரே, இருபதடி நீளத்துக்கு நின்றது அது. நடுவில் கம்பெனியை ஆரம்பித்த ஆத்தப்பன், கும்பிட்ட கையோடு, இரண்டு ஆள் உயரத்துக்கு. வலப்பக்கம் மகன் கதிர்வேல், இப்போதைய எம்.டி., போனைக் காதில் வைத்தபடி. அந்தப் பக்கம் பேசுவது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இடப்பக்கம் பேரன் ரித்தீஷ், கறுப்புக் கண்ணாடியில். காலேஜில் ஏழு பாடம் பாக்கி வைத்திருக்கும் வாலிபனுக்கு வெளிச்சம் ஆகாது போலும். இந்த மூன்று பேரின் காலடியில், ஓரமாக, ரேஷன் கார்டுப் படம் அளவுக்கு ஒரு பெண் முகம். ஸ்டுடியோக்காரன் கோதுமை மாவைக் கொட்டியதுபோல் வெளுத்துவிட்டிருந்தான். அதுதான் விருது வாங்கியவள்.

மேலே கொட்டை எழுத்தில் வாசகம்: ‘ஆறு மொழி அரசியே! எங்கள் கம்பெனியின் குரலே! விருது பெற்ற எங்கள் வீட்டு மகள் மெஹ்ஜபினை வாழ்த்தி மகிழும் கம்பெனிக் குடும்பத்தார்.’

“ஏனம்மிணி, அதுல உன்னயத் தேடறதுக்குள்ள எனக்குக் கண்ணு ரெண்டும் பூத்துப்போச்சு,” என்றாள் வேலாத்தாள். மெஹ்ஜபின் குடியிருக்கும் லைன் வீடுகளின் சொந்தக்காரி. யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், கையில் என்ன பை, பையில் என்ன என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் அந்தச் சந்தில் காற்றுகூடத் திரும்பாது. “ஊட்டு மகளாம்! அவிங்க ஊட்டு வாசப்படி எப்படி இருக்கும்னு பாத்திருக்கியா நீயி?”

“இல்லீங்கக்கா. ஆபீஸ் ரூம் வரைக்குந்தான்.”

“அதான பாத்தேன்.”

மெஹ்ஜபினுக்கு முப்பத்தெட்டு வயது. பீகாரில் கிஷன்கஞ்சுப் பக்கம் பிறந்து, ஒன்பது வயதில் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கியவள். அப்பாவுக்குச் சாயப்பட்டறை வேலை. வீட்டுப் பேச்சு சுர்ஜாபுரி. இந்தி டிவியில் வந்தது, வங்காளம் பக்கத்து அறையிலிருந்து சுவர் வழியாக வந்தது, தமிழ் தெருக்குழாயடிச் சண்டையில் வந்தது. அதனால்தான் அவள் தமிழில் இன்றும் ஒரு குறையும் கிடையாது. பதினாறு வயதில் செக்கிங் டேபிளில் நின்றபோது எதிரே நின்ற பெண்களிடம் ஒடியா பிடித்துக்கொண்டாள். இங்கிலீஷ் மட்டும் பிறகு, புராஜெக்ட்டுகளோடு வந்தது.

அந்தச் செக்கிங் டேபிளில்தான் அவளுடைய தொழிலும் தொடங்கியது. சூப்பர்வைசர் ஒருநாள் ஒடியாப் பெண்களைப் பார்த்து இரண்டு நிமிடம், எழுத்தில் வைக்க முடியாத தமிழில், அவர்களுடைய மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டினான். பிறகு, “அதுகளுக்குச் சொல்லு,” என்றான். மெஹ்ஜபின் சொன்னாள்: “கொஞ்சம் சீக்கிரம் முடிக்கணுமாம்.” அவர்கள் பதிலுக்கு அவன் அம்மாவைப் பற்றி ஒடியாவில் ஒரு வார்த்தை சொன்னார்கள். “சரிங்கறாங்க, சார்,” என்றாள் மெஹ்ஜபின். இரண்டு பக்கமும் திருப்தி. ஷிப்மெண்ட் நேரத்துக்குப் போனது.

பேச்சை வழவழப்பாக்குவதற்கு ஊரில் எவ்வளவு கிராக்கி என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள், போலீஸ் ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள். டாக்டர் சிடுசிடுத்தால் அதை அன்பாக மாற்றிக் கொடுத்தாள். வடக்கத்திப் பையன் அழுதால் அதை ‘ஒன்றும் பிரச்சினையில்லை’ என்று மாற்றிக் கொடுத்தாள். பிறகு ஒரு தொண்டு நிறுவனம் அவளைக் கொத்திக்கொண்டு போய், சென்னைப் பக்கம் ஒரு முகாமில், பர்மாவிலிருந்து ஓடிவந்த குடும்பங்களுக்கு நடுவே இரண்டு வருடம் வைத்திருந்தது. தண்ணீர் லாரி வரிசையில் நின்று நின்றே அவர்கள் பேச்சையும் ஓரளவு பிடித்துவிட்டாள். வெளிநாட்டிலிருந்து பார்வையாளர்கள் வந்து, “உங்களுக்கு என்ன தேவை?” என்று கேட்டார்கள். ஒரு கிழவர், “எங்களை மனுசர்னு சொல்ற ஒரு காகிதம் வேணும்,” என்றார். நிறுவனத்திடம் காகிதம் இல்லை. குடோனில் கம்பளி இருந்தது. “கம்பளி கேட்கிறார்,” என்றாள் மெஹ்ஜபின். சித்திரை வெயிலில் நூற்றிருபது குடும்பத்துக்குக் கம்பளி கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். கிழவர் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை மட்டும் அவளால் எந்த மொழியிலும் வழவழப்பாக்க முடியவில்லை.

ஆறு மொழியிலும் ஒரே பொய். இதற்குத்தான் கோயம்புத்தூரில் ஒரு டிரஸ்ட் சால்வை போர்த்தி விருது கொடுத்தது. கொடுத்தவர்களுக்கும் ஒரு மொழிதான் தெரியும் என்பதால் சரிபார்க்க வழியில்லை.

இத்தனையிலும் ஒரே ஒரு காரியத்தில் அவள் பொய் கலக்கவில்லை. கடைவீதியை ஒட்டிய, கம்பெனியின் பழைய பேக்கிங் ஹாலில் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் நடத்தும் பள்ளிக்கூடம். ஒடியா, பீகார், வங்காளம் என்று வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நாற்பத்தாறு பேர். அதில் பதினோரு பேரை ஜூனில் அரசுப் பள்ளியில் சேர்ப்பதாக ஹெட்மாஸ்டரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்குள் பதினோரு பேரும் தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்தாக வேண்டும். இன்னும் மூன்று மாதம் அந்த ஹால் வேண்டும். ஹால் போனால் பிள்ளைகள் மறுபடி வீட்டில் உட்கார்ந்து பனியனில் நூல்பிசிர் வெட்டப் போய்விடும். ஒருதரம் போன பிள்ளை திரும்பாது. இது அவளுக்குத் தெரியும். கம்பெனிக்கும் தெரியும்.

மார்ச்சில் ஆடிட் வந்தது. வெளிநாட்டுக் கடைக்காரர்களுக்குத் துணியின் மேல் வரும் கவலையைவிடத் தைக்கிறவர்கள் மேல் வரும் கவலை பெரிது. ஆனால் வருடத்துக்கு ஒருநாள்தான் வரும். அன்றைக்கு ஒரு ஆடிட்டர் வந்து, தன் இஷ்டத்துக்குப் பத்துத் தொழிலாளிகளைப் பொறுக்கியெடுத்து, கம்பெனி ஆட்கள் யாருமில்லாத அறையில் வைத்துப் பேசுவார். கூட இருப்பது மொழிபெயர்ப்பாளர் மட்டும். அவருக்கும் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது. அப்படி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தொண்டு நிறுவனம் மெஹ்ஜபினை அனுப்பியது. ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை பசந்தி வந்தாள். கம்பெனி ஹாஸ்டலில் இருக்கும் ஒடியாப் பெண், இருபது வயது. ஹாஸ்டல் பெண்களுக்கு ஞாயிறு இரண்டு மணி நேரம் கடைவீதி, அதுவும் வார்டனோடு. மற்ற நாள் கேட்டுக்குப் பூட்டு, போனெல்லாம் வார்டன் பீரோவில். வார்டன் வளையல் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்த இடைவெளியில் பசந்தி ஹாலுக்குள் ஓடி வந்திருந்தாள்.

“தீதி, எங்க அம்மா ஆஸ்பத்திரியில கிடக்கறா. பத்து நாளா ஊருக்கு விடுங்கன்னு கேக்கறேன். ஷிப்மெண்ட் முடியட்டும்ங்கறாங்க. ஆடிட்டர் வந்தா நான் சொல்லப்போறேன். நீ அப்படியே சொல்லுவியா?”

“பாக்கலாம்,” என்றாள் மெஹ்ஜபின்.

அந்தச் சொல்லுக்கு ஆறு மொழியிலும் ஒரே பொருள்தான். பசந்திக்கும் புரிந்தது. வளையல் கடைக்குத் திரும்பி நடந்தாள்.

மறுநாள் எச்.ஆர். மேனேஜர் தரணீதரன் மெஹ்ஜபினைக் கூப்பிட்டு டீ கொடுத்தான். திட்ட வேண்டியவர்களுக்குத் தண்ணீர், மிரட்ட வேண்டியவர்களுக்கு டீ என்பது அவன் ஆபீஸ் நடைமுறை.

“மேடம், நீங்க நம்ம குடும்பமுங்க. ஹால் சாவி உங்க கையிலதான இருக்குது? எம்.டி. ஒருநாளாவது அதைத் திருப்பிக் கேட்டிருக்காருங்களா?”

“இல்லீங்க சார்.”

“கேக்க மாட்டாருங்க. நீங்களும் கேக்க வெக்க மாட்டீங்க. டீ ஆறுதுங்க பாருங்க.”

அவள் டீயைக் குடித்தாள். என்ன சொல்வது என்றும் முடிவு செய்துவிட்டாள். பசந்தி பேசுவாள், ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆனால் கம்பெனி நன்றாகப் பார்த்துக்கொள்கிறது’ என்று இங்கிலீஷில் போகும். ஒரு பெண்ணின் பத்து நாளா, நாற்பத்தாறு பிள்ளைகளின் மூன்று மாதமா? இப்படி ஒரு தராசு கையில் கிடைத்துவிட்டால் மனிதர்களுக்கு மனச்சாட்சி எவ்வளவு சௌகரியமாகத் தூங்குகிறது!

பிளெக்ஸின் ஞாபகம் யாருக்கும் இல்லை. ஆடிட்டுக்கு முந்தின நாள்தான் தரணீதரன் கேட்டைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்த்தான்; மயக்கம் வராத குறை. சம்பந்தமே இல்லாத மொழிபெயர்ப்பாளரை ‘எங்கள் கம்பெனியின் குரலே’ என்று இருபதடிக்கு எழுதி வாசலிலேயே கட்டிவைத்திருந்தார்கள். எம்.டி.யிடம் ஓடினான். எம்.டி. அப்பாவிடம் ஓடினார்.

ஆத்தப்பனுக்கு எழுபத்தெட்டு வயது. இதுதான் முதல் பிளெக்ஸ். காலையும் மாலையும் காரை எதிரே நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கி, பத்து நிமிடம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

“எறக்கறதா? வளர்பிறையில, உசுரோட இருக்கறவன் படத்த எறக்குனா என்னாகும் தெரியுமாடா உனக்கு? பௌர்ணமி தாண்டட்டும்.”

“ஆடிட்டர் வாராங்கப்பா. பாத்தா வம்புங்க.”

“பாக்கட்டும்! எம்பட மூஞ்சியப் பாத்தா ஆர்டரு கூடத்தான் போடுவாங்க. எந்தக் கைடா அதை அவுக்குதுன்னு நானும் பாக்கறேன்.”

முந்நூறு மெஷினை ஓட்டுகிற எம்.டி.யால் அப்பாவை ஓர் அங்குலம் நகர்த்த முடியவில்லை. திரும்பி வந்து தரணீதரனிடம் சொன்னார்: “உடுங்க. தமிழ் படிக்கத் தெரியாதவங்களுக்கு அது பிளெக்ஸு என்ன, பெட்சீட்டு என்ன. மேடம் மூஞ்சிதான் மேடத்துக்கே அடையாளந் தெரியாதே. கோயில் திருவிழான்னு சொல்லிப்போடுங்க.”

மறுநாள் காலை ஆடிட்டர் வந்து இறங்கினார். ஹாங்காங்கிலிருந்து வந்த ஐம்பது வயதுப் பெண்மணி, கையில் ஒரு நோட்டு. கண்ணில் பட்டதையெல்லாம் அதில் எழுதுகிற வியாதி. கேட்டை எழுதினார், தீயணைப்பு வாளியை எழுதினார், வாளியில் மணலுக்குப் பதில் பீடித்துண்டு இருந்ததையும் எழுதினார். பிறகு திரும்பி, ஆத்தப்பனை அண்ணாந்து பார்த்தார்.

“இது என்ன?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“லோக்கல் பெஸ்டிவல், மேடம். டெம்பிள்,” என்றான் தரணீதரன்.

“இந்தக் கும்பிடுகிற முதியவர்?”

“ஹெட் பிரீஸ்ட், மேடம்.”

“கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞர்?”

“அசிஸ்டெண்ட் பிரீஸ்ட், மேடம்.”

ஆடிட்டர் போனைக் காதில் வைத்திருந்த மூன்றாவது பூசாரியைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற எம்.டி.யைப் பார்த்தார். அதே சட்டை. எம்.டி. மெதுவாகக் கைகூப்பினார். வேறென்ன செய்வார், பாவம்.

ஆடிட்டர் மெஹ்ஜபின் பக்கம் திரும்பினார். “மேலே என்ன எழுதியிருக்கிறது? அப்படியே சொல்லுங்கள்.”

‘கோயில் திருவிழா.’ இங்கிலீஷில் இரண்டே வார்த்தை. இருபத்திரண்டு வருடத்தில் இதைவிடப் பெரிய பொய்களைத் தும்முகிற நேரத்தில் சொல்லியிருக்கிறாள். வாயையும் திறந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவள் கண் தரணீதரன் கையில் போயிற்று. ‘ஆகட்டும், சொல்லு’ என்று இரண்டு விரலை ஆட்டினான் அவன். கடைக்காரன் கட்டிவைத்த நாய்க்குக் காட்டுவானே, அந்தத் தினுசில். அன்றைக்குச் சூப்பர்வைசர் ‘அதுகளுக்குச் சொல்லு’ என்று ஆட்டியதும் இதே இரண்டு விரல்தான். விருது, சால்வை, இருபதடி எல்லாம் வந்தும் அந்த விரல் மட்டும் மாறவேயில்லை. அறைக்குள் போனதும், ஆடிட்டர் பொறுக்கினால், பசந்தி வந்து உட்காருவாள். பேசுவதற்கு முன்னால் அவள் தன்னை ஒரு பார்வை பார்ப்பாள். எந்தப் பார்வை என்று மெஹ்ஜபினுக்குத் தெரியும். கம்பளிப் பார்வை.

அவள் பிளெக்ஸை நிமிர்ந்து பார்த்து, ஆசிரியை பாடம் வாசிப்பதுபோல வாசித்தாள். முதலில் தமிழில் ஒரு வரி, பிறகு இங்கிலீஷில் ஒரு வரி. ‘ஆறு மொழி அரசியே.’ ‘எங்கள் கம்பெனியின் குரலே.’ ‘எங்கள் வீட்டு மகள்.’ ஒரு சொல் குறைக்கவில்லை, ஆச்சரியக் குறியைக்கூட விடவில்லை.

“யார் அந்த மகள்?”

மெஹ்ஜபின் நடந்துபோய்க் கீழ் மூலையிலிருந்த மாவு முகத்தில் விரலை வைத்தாள். “நான்தான். என் பள்ளிக்கூடமும் இவர்கள் கொடுத்த ஹாலில்தான் நடக்கிறது. நேற்று டீ கொடுத்து அதை ஞாபகப்படுத்தினார்கள்.”

தரணீதரன் தமிழுக்குத் தாவினான். “மேடம், என்னங்க மேடம் நீங்க, தப்புத்தப்பா மொழிபெயர்க்கறீங்க!”

“எந்த வார்த்தைங்க தப்பு? சொல்லுங்க, திருத்திப்போடலாம்.”

ஆடிட்டர் ஒரு பக்கம் முழுக்க எழுதினார். மெஹ்ஜபின் கையெழுத்துப் போட்ட தாளைக் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். பெங்களூரிலிருந்து தன் ஆபீஸே வேறு மொழிபெயர்ப்பாளரை அனுப்பும், நாளை மறுநாள் வருவேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மெஹ்ஜபினுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? பொய்க் கையெழுத்துப் போட்டவள்தானே.

சாயங்காலத்துக்குள் மூன்று காரியம் நடந்தது. முதலாவது, ஹால் சாவியை வாட்ச்மேன் வந்து வாங்கிக்கொண்டு போனான். இரண்டாவது, ஆத்தப்பன் மதியத் தூக்கத்தில் இருந்தபோது, வளர்பிறை என்றும் பாராமல், பிளெக்ஸை அறுத்துக் கீழே தள்ளினார்கள். மூன்றாவதுதான் வேடிக்கை. பத்து நாளாகக் கிடைக்காத லீவு பசந்திக்கு ஒரே மணி நேரத்தில் கிடைத்தது. நாளை மறுநாள் ஆடிட்டர் பொறுக்கப்போகும் பத்துப் பேரில் அவள் இருந்துவிடக் கூடாது என்று, கம்பெனி வேனிலேயே ஏற்றி, ஸ்டேஷனில் இறக்கி, டிக்கெட்டும் எடுத்துக் கையில் கொடுத்தான் தரணீதரன். வழிக்குப் பிஸ்கட் பொட்டலமும் வாங்கிக் கொடுத்தானாம். கெட்ட எண்ணத்தில் செய்த ஒரே நல்ல காரியம். அதுவும் தெரியாமல் செய்தது. ஆனால் மீதிப் பெண்களின் வாயை அடைக்க வேனில் இடம் போதவில்லை. இரண்டு நாள் கழித்துப் பெங்களூர்க்காரி வந்து கேட்டாள், அவர்கள் சொன்னார்கள், பூட்டுக் கதை நோட்டில் ஏறிவிட்டது என்று ஊரில் பேச்சு.

“உனக்கென்னடி வந்துச்சு?” என்றாள் வேலாத்தாள், சாவி போன அன்றிரவு. “கோயிலுன்னு சொல்லிப்போட்டுப் போயிருந்தா அந்தச் சாமியென்ன வந்து இல்லீன்னு சொல்லப்போகுதா? நாப்பத்தாறு புள்ளைகள நடுத்தெருவுல உட்டுப்போட்டியே!”

“ஆமாங்கக்கா,” என்றாள் மெஹ்ஜபின்.

பிள்ளைகள் இரண்டு வாரம் தெருவில்தான் கிடந்தார்கள். ஏழு பேர் பிசிர் வெட்டப் போய்விட்டார்கள். ஜூனுக்கு இருந்த பதினோரு பேரில் இரண்டு பேர் அதில் சேர்த்தி. பிறகு பனியன் வேஸ்ட் வியாபாரி நஜீமுதீன் தன் குடோன் முன்னாலிருந்த கொட்டகையை, ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை, கொடுக்க ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை: வாசலில் அவர் பெயர் போட்ட போர்டு வைக்க வேண்டும். இந்த ஊரில் தர்மம் பெயிண்டர் இல்லாமல் நடக்காது.

“சரிங்க பாய், போர்டு வெச்சுக்கலாம்,” என்ற மெஹ்ஜபின், கூரையைக் காட்டிக் கேட்டாள்: “மழை வந்தா?”

“மழ வந்தா அல்லா விட்ட வழிம்மா. தகரம் வாங்கவா நான் எடம் குடுத்தேன்?”

கூரையில் ஒரு ஓட்டை, மாடு இறங்குகிற அளவுக்கு. கோடை மழை முதல்நாளே இறங்கிவிட்டது. அப்போதுதான் வேலாத்தாள் தன் விறகுக் கட்டின் மேலிருந்து எதையோ உருவிக்கொண்டு வந்தாள். கம்பெனிக்காரன் அறுத்துப்போட்ட அன்றைக்கே, நல்ல கனமான பிளெக்ஸ் வீணாய்ப்போகிறதே என்று வயிறெரிந்து, இழுத்துக்கொண்டு போய் வைத்திருந்தாளாம். கொட்டகைமேல் விரித்துக் கட்டினார்கள். நீளம் கொஞ்சம் கூடுதல் என்று நஜீமுதீன் ஓரத்தைக் கத்தரித்து எறிந்தார். அந்த ஓரத்தில்தான் மெஹ்ஜபினின் முகம் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

படம் உட்பக்கம் பார்த்து இருந்ததால் பிள்ளைகள் அண்ணாந்தால் ஆத்தப்பன் தெரிவார். தலைகீழாக, கும்பிட்ட கையோடு.

சேதி எட்டாமல் இருக்குமா? நான்காம் நாள் கார் வந்து நின்றது. ஆத்தப்பன் இறங்கினார். படத்தை இறக்கியதற்காக மகனிடம் ஒரு வாரம் பேசாதவர். கொட்டகைக்குள் குனிந்து வந்து, கழுத்தை வளைத்து வளைத்துத் தன்னையே பார்த்தார். படத்தின் கன்னத்தில் மழைத்தண்ணீர் தேங்கி ஒரு தொப்பை விழுந்திருந்தது.

“ஏனம்மிணி, கட்டறதுதான் கட்டுனீங்க, நேராக் கட்டப்படாதா?”

“ஓட்டை இந்தப் பக்கமுங்க, சாமி.”

முன்வரிசையில் இருந்த ஒடியாக் குழந்தை ஒன்று மேலே பார்த்தது, அவரைப் பார்த்தது, மறுபடி மேலே பார்த்தது. பிறகு மெஹ்ஜபினிடம் ஒடியாவில் ஏதோ கேட்டது. மற்ற பிள்ளைகளும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

ஆத்தப்பன் முகம் மலர்ந்துவிட்டது. “என்னயத்தான் கேக்குதா? என்ன கேக்குது கண்ணு?”

பழைய மெஹ்ஜபினாக இருந்தால் ‘வணக்கம் சொல்லுதுங்க’ என்றிருப்பாள். அவரும் பத்து ரூபாய் மிட்டாய்க்குக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

“அதுக்குத் தெரிஞ்சு, இப்படிப் படம் போட்டுக் கட்டறதெல்லாம் செத்துப்போனவங்களுக்குத்தானாமுங்க. நீங்க எப்படி எந்திரிச்சு வந்தீங்கன்னு கேக்குதுங்க, சாமி.”

ஆத்தப்பன் மேலே பார்த்தார். தொப்பையிலிருந்து ஒரு சொட்டு அவர் நெற்றியிலேயே விழுந்தது.

“நாஞ் சாகலீன்னு சொல்லம்மிணி,” என்றார்.

மெஹ்ஜபின் அப்படியே சொன்னாள், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். குழந்தை நம்பவில்லை.